உள்ளுறை வெப்பம்

பல ஆண்டுகளுக்கு முன், இரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஓர் ஆசிரியர் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவர் தமிழாசிரியர். இலக்கணமும் இலக்கியமுமே அவருடைய சொந்த நிலம். பள்ளி சிறியது, ஆசிரியர்கள் குறைவு. ஆகவே கணக்கும் அறிவியலும் அவர் தோளில் ஏறின. ஏறிய பாரத்தை அவர் முணுமுணுக்காமல் சுமந்தார். பாடநூலில் உள்ள சோதனைகளை வாயால் சொல்லிவிட்டுப் போகாமல், கைக்குக் கிடைத்த பொருள்களைக் கொண்டு செய்து காட்டவேண்டும் என்பது அவர் கொள்கை.

அன்றைய சோதனைக்குப் பனிக்கட்டி தேவைப்பட்டது. தோட்டத்துக் கடையில் மரத்தூளில் புதைத்துக் கோணிச்சாக்கால் போர்த்தி வைத்திருந்த பாளத்திலிருந்து ஒரு துண்டு வாங்கிவரச் செய்தார். அதை நொறுக்கித் தகரக் குவளையில் இட்டு, வெப்பமானியைச் செருகி, கீழே சாராய விளக்கை ஏற்றினார். நிமிடத்திற்கு ஒரு முறை வெப்பமானியைப் பார்த்து எழுதவேண்டும். ஒருவர் மாற்றி ஒருவர் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, அதே அறையின் மறுபாதியில் அமர்ந்திருந்த நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் கணக்கு எழுதிப் போடத் திரும்பினார். ஒரே அறையில் இரண்டு வகுப்புகளை நடத்துவது அந்தப் பள்ளியின் வழக்கம்.

பாடம் முடிந்தபின் குறிப்பேடுகள் மேசைக்கு வந்தன. ஏறத்தாழ எல்லாவற்றிலும் எண்கள் ஒழுங்காகப் படியேறியிருந்தன. முதல் நிமிடத்தில் சுழியம், அடுத்து இரண்டு, பிறகு நான்கு, ஏழு, பத்து என்று அழகான வளர்ச்சி. ஒரே ஒரு மாணவனுடைய ஏட்டில் மட்டும் பன்னிரண்டு வரிகளிலும் சுழியமே எழுதப்பட்டிருந்தது. அவன் கடைசி வாங்கில் அமர்பவன்; வாசிப்பில் தட்டுத் தடுமாறுபவன். அவன் தாய் பால்மரம் வெட்டுபவர். தேர்வுக்குத் தேர்வு அவன் நிலை மாறியதில்லை.

ஆசிரியர் சிவப்பு மையால் அந்தப் பன்னிரண்டு சுழியங்களின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, “கவனமில்லை” என்று எழுதினார்.

“எல்லாருக்கும் ஏறின வெப்பமானி உனக்கு மட்டும் ஏறவில்லையா?”

“ஏறலைங்க ஐயா.”

அவ்வளவுதான் அவன் சொன்னான். ஏட்டை வாங்கிக்கொண்டு தன் இடத்திற்குப் போய்விட்டான்.

மாலையில் வீடு திரும்பிய ஆசிரியருக்கு அந்த மறுமொழி மனத்தில் உறுத்தியது. பொய் சொல்லும் பிள்ளை ஏறிய எண்களையல்லவா எழுதியிருப்பான்? பக்கத்திலிருப்பவனைப் பார்த்து எழுதுவது எளிது. தனியாக நின்று பன்னிரண்டு முறை சுழியம் எழுத என்ன காரணம்? கடையில் இன்னொரு துண்டுப் பனிக்கட்டி வாங்கி வந்தார். அதே குவளை, அதே விளக்கு, அதே வெப்பமானி. இம்முறை வேறு பக்கம் திரும்பாமல் தாமே கிளறியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிடம் சென்றது. ஐந்து நிமிடம் சென்றது. விளக்கு நன்றாகவே எரிந்தது. குவளையின் அடி சுட்டது. பனித்துண்டுகள் சிறுத்து நீர் பெருகியது. ஆனால் வெப்பமானியின் கோடு சுழியத்தை விட்டு நகரவில்லை. பன்னிரண்டாம் நிமிடத்தை ஒட்டிக் கடைசித் துண்டும் கரைந்தது. அதன் பிறகே, கட்டவிழ்த்துவிட்டாற்போல, கோடு மடமடவென்று மேலேறத் தொடங்கியது.

உண்மையைக் கண்டவன் ஒருவன்; அவன் ஏட்டில்தான் சிவப்புக் கோடு கிடந்தது. மற்றவர்கள் பொய்யர்களா என்றால், அதுவும் இல்லை. நெருப்பு மூட்டினால் சூடு ஏறும் என்பது அவர்கள் அறிந்த உலகம். கண் சொன்னதைவிட அந்த அறிவு சொன்னதை அவர்கள் நம்பினார்கள். ஆசிரியரும் அதையே நம்பித்தான் கோடு இழுத்தார்.

அன்றிரவு அவர் பாடநூலைக் கடந்து, கிடைத்த அறிவியல் நூல்களையெல்லாம் புரட்டினார். அவற்றுள் ஒன்றில் ஒரு சொற்றொடர் அவரைத் தடுத்து நிறுத்தியது: உள்ளுறை வெப்பம். பொருள் ஒன்று திண்மத்திலிருந்து நீர்மமாகவோ, நீர்மத்திலிருந்து ஆவியாகவோ நிலை மாறும்போது, வெப்பநிலை உயராமலே அது உள்வாங்கிக்கொள்ளும் வெப்பம். தமிழாசிரியருக்கு ‘உள்ளுறை’ புதிய சொல்லன்று. தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்று ஒன்றைச் சொல்கிறது. வெளியே வண்டும் பூவும், நாரையும் மீனும் காட்சியாக நிற்கும். சொல்ல வந்த பொருளோ அந்தக் காட்சிக்குள்ளே மறைந்து நிற்கும். அந்த நிலத்தின் கருப்பொருள்களை அறிந்தவனுக்கே அது புலப்படும். அறியாதவன் வண்டை மட்டும் பார்த்துவிட்டுப் போவான். அறிவியலைத் தமிழில் எழுத முனைந்தவர்கள் இந்தப் பழஞ்சொல்லை எடுத்து வெப்பத்திற்குச் சூட்டியது எத்தனை பொருத்தம்!

அந்த உள்ளுறையைக் கண்டறிய உலகத்திற்கும் நெடுங்காலம் பிடித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அறிஞர்களும் அந்த ஐந்தாம் ஆண்டு மாணவர்களைப் போலத்தான் எண்ணியிருந்தார்கள். பனிக்கட்டி உருகும் எல்லைக்கு வந்துவிட்டால், இன்னும் ஒரு சிறிது வெப்பம் பட்டவுடன் முழுதும் நீராகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. அதை ஐயுற்றவர் ஜோசப் பிளாக். 1728இல் பிறந்த அவர், ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் வேதியியலும் கற்பித்தவர்.

அவருடைய ஐயம் ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை, மலைச்சரிவில் பிறந்தது. குளிர்காலம் முடிந்து வெயில் வந்தபின்னும் மலைகளில் பனி வாரக்கணக்கில் கிடக்கிறது. சிறிது சிறிதாகவே கரைகிறது. பொது நம்பிக்கை மெய்யானால், முதல் வெதுவெதுப்பான நாளிலேயே அத்தனை பனியும் ஒருங்கே நீராகிப் பெருவெள்ளம் பாய்ந்து ஊர்களை அழித்திருக்கவேண்டுமே என்று அவர் எண்ணினார். ஆண்டுதோறும் எல்லாரும் கண்ட காட்சிதான். அதற்குள் கேள்வி ஒன்று இருப்பதைக் கண்டவர் அவர்.

பிளாக் செய்த சோதனை, தகரக் குவளைச் சோதனையைப் போலவே எளியது. ஒரேமாதிரியான இரண்டு கண்ணாடிக் கலங்களில் ஒன்றில் பனிக்கட்டியும், மற்றொன்றில் அதே எடையுள்ள, உறைநிலைக்கு ஒரு பாகையே மேலிருந்த குளிர்நீரும் வைத்தார். இரண்டையும் பெரிய கூடமொன்றில் தொங்கவிட்டார். கூடத்தின் வெப்பநிலை 47 பாகை பாரன்ஹீட். குளிர்நீர் அரைமணி நேரத்தில் 33 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஏறிற்று. பனிக்கட்டி இருந்த கலம் அதே 40 பாகையை எட்டப் பத்தரை மணி நேரம் ஆயிற்று. அதாவது இருபத்தோரு அரைமணிகள். அரைமணிக்கு ஏழு பாகை வீதம் கணக்கிட்டால், அந்தக் கலம் 147 பாகை அளவுக்குரிய வெப்பத்தைப் பெற்றிருக்கவேண்டும். வெப்பமானி காட்டியதோ எட்டே பாகை. எஞ்சிய 139 பாகைக்குரிய வெப்பம் எங்கே? பனியை நீராக்கும் வேலையில் அது செலவாகி, நீருக்குள் மறைந்து கிடக்கிறது என்றார் பிளாக். இன்றைய நுண்கருவிகள் தரும் அளவு 144 பாகை. இரண்டு கலங்களும் ஒரு கடிகாரமும் கொண்டு செய்த சோதனைக்கு இந்த நெருக்கம் வியப்பானது.

அந்த முடிவை 1762ஆம் ஆண்டு ஏப்ரலில் கிளாஸ்கோ அறிஞர் குழு ஒன்றின் முன் அவர் எடுத்துரைத்தார். பின்னர்க் கொதிநீரையும் ஆராய்ந்தார். நெருப்பின்மேல் வைத்த நீர் கொதிக்கத் தொடங்க நான்கு நிமிடம் ஆயிற்று. முழுதும் ஆவியாகித் தீர மேலும் இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் வெப்பமானி கொதிநிலையிலேயே நின்றது. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்ற தெளிவு இவற்றிலிருந்து பிறந்தது. வெப்பநிலை என்பது வெப்பமானி காட்டும் சூட்டின் உயரம். வெப்பம் என்பது உள்ளே சென்ற ஆற்றலின் அளவு. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எப்போதும் அளந்துவிட முடியாது.

பிளாக் தம் கண்டுபிடிப்பை நூலாக அச்சிடவில்லை. ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் 1799இல் மறைந்தபின், 1803இல்தான் அவருடைய விரிவுரைகள் நூலாக வெளிவந்தன. ஆனால் வகுப்பறையில் சொன்ன சொல் அதற்கு முன்பே உலகத்தை அசைத்துவிட்டது. அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து பழுதுபார்த்து வந்த ஜேம்ஸ் வாட், நியூகாமன் நீராவிப் பொறியின் மாதிரி ஒன்றைச் செப்பனிடும்போது ஒரு புதிரைக் கண்டார். சிறிதளவு நீராவி, தன்னைப்போல் ஆறு மடங்கு எடையுள்ள குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. திகைத்துப்போய் நண்பர் பிளாக்கிடம் கேட்டார்; பிளாக் உள்ளுறை வெப்பத்தை விளக்கினார். பழைய பொறி ஒவ்வோர் அடிக்கும் தன் உருளையைக் குளிரவைத்து, மறுபடி சூடாக்கி, எவ்வளவு நீராவியை வீணாக்குகிறது என்பதை வாட் உணர்ந்தார். நீராவியைத் தனியான ஒரு கலத்தில் குளிர்விக்கும் வழி 1765இல் அவருக்குப் புலப்பட்டது. 1769இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஆலைகளையும் சுரங்கங்களையும் இயக்கிய புதிய பொறி அதிலிருந்து வளர்ந்தது.

வெப்பம் மறைந்தது எங்கே என்ற கேள்விக்குப் பிற்காலத்து அறிவியல் தெளிவான விடை தருகிறது. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, அணிவகுத்து, தத்தம் இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கின்றன. உருகும்போது வரும் வெப்பம் அவற்றை வேகமாக ஓடவைக்கச் செலவாகவில்லை. பிடிகளைத் தளர்த்தவே செலவாகிறது. வேகம் கூடாதவரை வெப்பமானி ஏறாது. ஒரு கிராம் நீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்க ஒரு கலோரி போதும். ஒரு கிராம் பனிக்கட்டியை, சுழியத்திலிருந்து அதே சுழியத்து நீராக்க ஏறத்தாழ 80 கலோரி தேவை. கொதிக்கும் ஒரு கிராம் நீரை அதே சூட்டிலுள்ள ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி தேவை. ஆவியில் எஞ்சிய பிடிகளும் அற்றுப்போகின்றன அல்லவா? விடுதலை முழுமையானது, விலையும் பெரியது.

அந்த விடுதலையை அளக்கவும் வழி கண்டார்கள். பெற்ற வெப்பத்தைத் தனி வெப்பநிலையால் வகுத்து வரும் அளவுக்கு 1865இல் ஜெர்மானிய அறிஞர் கிளாசியஸ் ‘என்ட்ரோப்பி’ என்று பெயரிட்டார். உருமாற்றம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அதை அமைத்தார். மூலக்கூறுகள் எத்தனை விதமாகச் சிதறி இருக்க முடியும் என்பதன் அளவாக அது பின்னர் விளங்கிற்று. பனி நீராகும்போது கூடும் என்ட்ரோப்பியைப் போல் ஐந்து மடங்கு, நீர் ஆவியாகும்போது கூடுகிறது. ஒன்றையொன்று பற்றிக்கொள்ளத் தூண்டும் ஈர்ப்பு ஒருபுறம். சிதறித் திரியத் தூண்டும் இயல்பு மறுபுறம். வெப்பநிலை குறைந்தால் ஈர்ப்பு வெல்லும். கூடினால் சிதறல் வெல்லும். சுழியம் பாகையில் இரண்டும் சமன். அதனால்தான் அந்தப் புள்ளியில் பனியும் நீரும் ஒரே குவளையில் சண்டையின்றி வாழ்கின்றன. இச்சமநிலையின் விதிகளை 1876 முதல் 1878 வரை வெளியிட்ட கட்டுரைகளில் அமெரிக்க அறிஞர் கிப்ஸ் முழுமையாக வகுத்துத் தந்தார்.

தோட்டத்துக் கடையின் மரத்தூளிலும் ஒரு வரலாறு இருந்தது. குளிர்பதனப் பொறிகள் பரவுவதற்கு முன், வெப்ப நாடுகளுக்குப் பனிக்கட்டி கப்பலில் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனியை அறுத்தெடுத்து விற்றவர். 1833ஆம் ஆண்டு மே மாதம் அவருடைய சரக்குடன் ‘டஸ்கனி’ என்னும் பாய்க்கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதங்கள் கழித்து அது வங்கம் சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் பனிக்கட்டி எஞ்சியிருந்தது.

இது நடந்தது எப்படி? வெப்பம் எளிதில் கடக்காதபடி சரக்கைச் சுற்றி அடைத்த பொருள்கள் ஒரு காரணம். ஓரிடத்தில் பெருங்குவியலாக அடுக்கியதால், வெப்பம் தாக்கும் மேற்பரப்பு எடையோடு ஒப்பிடச் சிறுத்தது இன்னொரு காரணம். ஆனால் அடிப்படைக் காரணம் உள்ளுறை வெப்பமே. வழியில் உருகிய 80 டன்னும் விழுங்கிய வெப்பத்தைக் கணக்கிட்டால், அது உறைநிலையிலுள்ள 180 டன் நீரை 35 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கப் போதுமானது. அத்தனை வெப்பமும் கப்பலுக்குள் வந்தது உண்மை. வந்ததை உருகும் பனி வாங்கிக்கொண்டது; உருகாத பனி சுழியத்திலேயே நின்றது.

அந்த வணிகம் தமிழகத்தின் கரைக்கும் வந்தது. 1842 அளவில் சென்னைக் கடற்கரையில் டியூடரின் பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. பனிக்கட்டியைப் பொறியில் செய்யத் தொடங்கியபின் அந்த வணிகம் மறைந்தது, கட்டடம் நிலைத்தது. 1897இல் விவேகானந்தர் அங்குத் தங்கியதன் நினைவாக அது இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிறது. சுற்றுவட்டாரத்திற்கோ இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே பெயர். சிங்கப்பூரிலும் 1854இல், வாம்போவா என்று பெயர்பெற்ற ஹூ ஆ கே என்னும் சீன வணிகர் ஆற்றங்கரையை ஒட்டிப் பனிக்கட்டி இல்லம் ஒன்று அமைத்து, அமெரிக்கப் பனிக்கட்டியை இறக்கினார். அந்த முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை.

உள்வாங்கிய வெப்பம் என்றென்றும் மறைந்துபோவதில்லை. ஆவி மீண்டும் நீராகும்போது, வாங்கிய 540 கலோரியையும் ஒரு கலோரி குறையாமல் திருப்பித் தருகிறது. இட்டலிப் பானையில் மாவை வேகவைப்பது அந்தத் திருப்பித் தருதலே. கொதிநீர் பட்ட கையைவிட, அதே அளவு நீராவி பட்ட கை கொடுமையாக வெந்துபோவதும் அதனாலேயே. ஒரு கிராம் கொதிநீர் உடற்சூட்டுக்குத் தணியும்போது 63 கலோரியைத் தரும். ஒரு கிராம் நீராவியோ 600 கலோரிக்கு மேல் தரும். இரண்டிலும் வெப்பமானி காட்டுவது நூறு பாகைதான்.

நிற்கும் வெப்பமானி மறைக்கும் உழைப்பு ஒவ்வொரு மனித உடலிலும் உண்டு. நலமான மனிதனுடைய உடற்சூடு 37 பாகையை ஒட்டியே நிற்கிறது. சும்மா அமர்ந்திருக்கும்போதே உடல் ஒரு நூறு வாட் மின்விளக்கைப் போல வெப்பத்தை வெளிவிடுகிறது. கடும் உழைப்பில் அது பல மடங்காகும். அந்த வெப்பத்தை வெளியேற்ற உடல் வியர்வையை அனுப்புகிறது. தோலின்மேல் ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரியைக் கொண்டுபோகிறது. ஆவியாகவேண்டும் என்பதே நிபந்தனை. சொட்டி விழும் வியர்வையால் பயன் இல்லை. மலாயாத் தீபகற்பத்தின் காற்றோ ஈரம் நிறைந்தது. இரப்பர்க் காட்டின் அடர்ந்த நிழலில் காற்றோட்டமும் குறைவு. விடியலுக்கு முன்பே மரம் வெட்டப் புறப்படும் ஒரு தாயின் சட்டை, காலை முடியுமுன் நனைந்து ஒட்டிக்கொள்வது அதனால்தான். வியர்வை உண்டு, அது உலர இடமில்லை.

ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். அது 35 பாகையை எட்டினால், நிழலில் ஓய்ந்திருக்கும் மனிதனும் நெடுநேரம் தாங்க முடியாது என்று 2010இல் ஷெர்வுட், ஹியூபர் என்னும் ஆய்வாளர்கள் எழுதினர். 2022இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளைஞர்களைக் கொண்டு சோதித்தபோது, ஈரக் காற்றில் 31 பாகையை ஒட்டியே உடல் தன் சூட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் தடுமாறுவதைக் கண்டனர். உலகம் சூடேறிவரும் காலத்தில், திறந்தவெளியில் உழைப்பவர்களுக்கு இது உயிர் பற்றிய செய்தி. 37இல் நிற்கும் உடற்சூடு, எதுவும் நடக்கவில்லை என்பதன் அடையாளம் அன்று. உடல் ஓயாமல் போராடிக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். அந்த எண் ஏறத் தொடங்கும்போது போராட்டம் தோற்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

மறுநாள் காலை அந்த ஆசிரியர் வகுப்பில் மீண்டும் குவளையையும் விளக்கையும் வைத்தார். நான்காம் ஆண்டு மாணவர்களையும் சூழ்ந்து நிற்கச் சொன்னார். யாரும் எதையும் எழுதவேண்டாம், பார்த்தால் போதும் என்றார். பன்னிரண்டு நிமிடம் நாற்பது கண்களுக்கு மேல் அந்தச் சிறு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. அது அசையவில்லை. முந்தின நாள் பத்தும் பன்னிரண்டும் எழுதிய பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பனி கரைந்து முடிந்து கோடு ஏறத் தொடங்கியதும் சிலர் கைதட்டினார்கள். கோடு 80 பாகையை எட்டும்வரை ஆசிரியர் விளக்கை அணைக்கவில்லை. அதற்கு மீண்டும் ஏறக்குறைய அதே நேரம் பிடித்தது. சூடு ஏற ஏறச் சிறிது வெப்பம் காற்றில் சிதறியதால் சற்றுக் கூடுதலாகவே ஆயிற்று.

“பனியை வெறுமே கரைப்பதற்கு எவ்வளவு வெப்பம் செலவாயிற்றோ, அவ்வளவும் இப்போது நீரை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. முதலில் செலவானதை வெப்பமானி சொல்லவில்லை. சொல்லாததால் அது இல்லை என்று நினைத்துவிட்டோம். நானும் நினைத்துவிட்டேன்” என்றார்.

பிறகு கடைசி வாங்கு மாணவனின் ஏட்டைக் கேட்டு வாங்கினார். சிவப்புக் கோட்டை அழிக்க முடியாது. ‘கவனமில்லை’ என்ற சொல்லில் ‘இல்லை’யை அடித்துவிட்டு, பக்கத்தில் தம் கையெழுத்தை இட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவன் அதை வாசிக்கச் சிறிது நேரம் எடுத்துக்கொண்டான். வாசித்து முடித்ததும் ஏட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

இதைக் கொண்டு, மெல்லக் கற்கும் பிள்ளைகள் எல்லாரும் உள்ளுக்குள் உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டிகள், ஒருநாள் தாமாகவே மேலேறுவார்கள் என்று முடிவு கட்டிவிடுவது எளிது. அது தவறான ஆறுதல். விளக்கு அணைந்திருந்தாலும் வெப்பமானி அசையாமல்தான் நிற்கும். நிற்கும் அளவை ஒன்றுதான். அது தரும் பொருள் இரண்டு. உள்ளே பெரியதொரு மாற்றம் நடந்துகொண்டிருக்கலாம். அல்லது எதுவுமே நடக்காமல் இருக்கலாம். எது என்பதை வெப்பமானி சொல்லாது. குனிந்து விளக்கைப் பார்க்கவேண்டும். குவளைக்குள் எட்டிப் பனியைப் பார்க்கவேண்டும். நிலத்தையும் கருப்பொருளையும் அறியாதவனுக்கு உள்ளுறை உவமம் விளங்காதது போல, மாணவன் வாழும் வீட்டையும் அவன் கைகள் செய்யும் வேலையையும் அறியாதவனுக்கு மதிப்பெண் பட்டியலின் பொருள் விளங்காது.

அந்த ஆசிரியர் அதன்பின் பல ஆண்டுகள் பணியாற்றினார். தேர்வுத் தாள்களில் நிலை மாறாத பெயர்களைக் காணும்போது, சிவப்புப் பேனாவை எடுக்குமுன் அந்தப் பிள்ளையை அருகில் அழைத்து ஒரு கேள்வி கேட்பது அவர் வழக்கமாயிற்று. சிலரிடம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு அவர் காலத்தைக் கொடுத்தார். சிலரிடம் அது அணைந்து நெடுநாள் ஆகியிருந்தது. அங்கே அவர் முதலிலிருந்து தொடங்கினார்.